அப்பாவுக்கு சதை கரையுது, புரோட்டீன் பவுடர் ஒத்துக்கல

அப்பாவுக்கு 71 வயசு. குடல் ஆபரேஷன் முடிஞ்ச 3 மாசத்துல 62 கிலோவுல இருந்து 49க்கு வந்துட்டார், வாட்ச் முழங்கை வரைக்கும் நழுவுது, சேர்ல இருந்து எழுந்திரிக்க ரெண்டு கையையும் ஊன்றார். டயட்டீஷியன் கிலோவுக்கு 1.5 கிராம் கணக்குல தினமும் 70 கிராமுக்கு மேல புரோட்டீன் போகணும்னாங்க, சாப்பாட்டுல 35 தாண்டறதே பெரும்பாடா இருக்கு. பால்ல இருந்து எடுக்கிற வே (whey) புரோட்டீன் பவுடர் 2 வாரம் பால்ல கலந்து குடுத்தோம், வயிறு உப்பி லூஸ் மோஷன், தண்ணியில கலந்து நாலு வேளையா பிரிச்சு குடுத்தும் அதேதான். சோயா பவுடர் வாசனைக்கே முகத்தை திருப்பிக்கிறார். கிட்னிக்கு பாக்குற கிரியேட்டினின் டெஸ்ட் நார்மல், சுகர் இல்ல. பவுடர் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் குடுக்கணும்னு பிசியோ சொன்னதால உட்கார்ந்து எழுற பயிற்சி தினமும் 10 தடவை விடாம செய்றார், பாவம். லாக்டோஸ் (பால்ல இருக்கிற சர்க்கரை) ரொம்ப கம்மியா இருக்கிற வே ஐசோலேட், அதாவது இன்னும் சுத்தம் பண்ணின வே பவுடர், இந்த மாதிரி நிலைமையில யாருக்காவது ஒத்துக்கிச்சா?