பன்றியின் கண் மின்னாது: பைக்கும் காட்டு விலங்கும் மோதுகிற இடங்கள்

பண்ணாரி – ஆசனூர் பாதையில் (சத்தியமங்கலம் காடு) அடிக்கடி ஓட்டுபவர்:

இரவில் காட்டு ரோட்டில் போகிறவர்கள் பெரும்பாலும் கண் மின்னுகிறதா என்று பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். மான், முயல், நரி, நாய் எதுவானாலும் ஹெட்லைட் பட்டதும் கண் பளிச்சென்று தெரியும். காட்டுப்பன்றிக்குத் தெரியாது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் பன்றியின் விழித்திரைக்குப் பின்னால் கிடையாது. உடம்பு கறுப்பு, உயரம் தொடை அளவு, தாரோடு தாராகக் கலந்துவிடும். பைக்குக்கு இதைவிட மோசமான விலங்கு இல்லை என்பேன். வளர்ந்த பன்றி 80, 100 கிலோ இருக்கும். எடை முழுக்கத் தரையை ஒட்டி இருப்பதால் இடித்தால் தூக்கி எறியப்படாது. முன்சக்கரம் அதன் மேல் ஏறி, வண்டி பக்கவாட்டில் சாயும்.

பன்றி வரிசையாக வரும். பெரியது தாண்டிவிட்டது என்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்னால் வரும் குட்டியில் மோதுவீர்கள். புள்ளிமானும் அப்படித்தான், ஒன்று தாண்டினால் இன்னும் நாலு புதரில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மானிடம் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. முக்கால் ரோடு தாண்டிய பிறகு, கூட்டம் இந்தப் பக்கம் நிற்பது நினைவுக்கு வந்ததுபோல் திரும்பி ஓடிவரும்.

காட்டுமாடு ஓடாது, நிற்கும். ஆண் மாடு 800 கிலோவுக்கு மேல் போகும். கறுத்த உடம்பு தெரியாது, ஆனால் முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. டிம் லைட்டில் முதலில் தெரிவது அந்த வெள்ளைதான். ரோட்டோர மைல்கல் போல நாலு வெள்ளைத் துண்டு நடு ரோட்டில் நின்றால் யோசிக்காமல் பிரேக் பிடியுங்கள்.

யானைக்கு அந்த அடையாளமும் இல்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆசனூர், காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்னால் லாரி நின்றால் அதை ஓவர்டேக் செய்யாதீர்கள். கரும்பு லாரியை யானை மறித்துக் கரும்பை உருவிக்கொண்டிருக்கும். லாரியின் பின்னாலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இடது பக்கம் புகுந்து எட்டிப் பார்க்கிற பைக்காரர் நேராகத் துதிக்கைக்குக் கீழே போய் நிற்பார். ரோட்டில் ஆவி பறக்கும் சாணி, புதிதாக ஒடித்துப் போட்ட மூங்கில், காரணமில்லாமல் நிற்கும் வண்டி, இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் நூறு மீட்டர் பின்னாலேயே நில்லுங்கள். என்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம். பைக்கை முதலில் வந்த திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் வேடிக்கை பாருங்கள். ஏற்றத்தில் 180 கிலோ வண்டியைப் பதற்றத்தில் திருப்ப முடியாது.

மோதலுக்கு ரோட்டின் இரவு மூடல் நேரமும் ஒரு காரணம். கர்நாடகாவின் பந்திப்பூர் காட்டு வழி 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். திம்பத்திலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுக் கட்டுப்பாடு. மூடல் நல்லதுதான். ஆனால் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று எட்டரை மணிக்குப் பறக்கிறார்களே, விலங்கு ரோட்டுக்கு வருகிற நேரமும் அதுதான். காலை 6 மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாகப் பாய்கிறவர் கதையும் அதேதான். கேட் திறந்தது மானுக்குத் தெரியாது. ஒன்பதுக்குள் முடியாது என்றால் கீழேயே தங்கிவிடுங்கள்.

—

பைக் ஓட்டப் பயிற்சி தருபவர்:

மேலே சொன்னதோடு கணக்கையும் சேர்க்கிறேன். காய்ந்த சமதள ரோடு, நல்ல டயர், பார்த்ததிலிருந்து பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் போனால் நிற்க சுமார் 21 மீட்டர் வேண்டும். 60-ல் சுமார் 38. 80-ல் 60. பல பைக்குகளின் டிம் லைட்டில் உருப்படியாகத் தெரிவது 40 மீட்டர்தான். ஆக, 80-ல் போகிறவர் லைட்டில் தெரிவதற்கு 20 மீட்டர் அப்பால்தான் நிற்க முடியும். ஈரத்திலும் இறக்கத்திலும் இந்தத் தூரம் இன்னும் நீளும். இரவுக் காட்டு ரோட்டுக்கு 40 என்று நான் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பல விபத்துகள் விலங்கை இடித்ததால் நடப்பதில்லை, அதைத் தப்பிக்க ஹேண்டிலை ஒடித்ததால் நடக்கின்றன. வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும், எதிரே பஸ் வந்தால் முடிந்தது. முதலில் நேராக நிமிர்த்திப் பிரேக் பிடியுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று அல்ல, அழுத்தி அழுத்திக் கூட்டுங்கள். வேகம் குறைந்த பிறகு ஒதுங்க இடமிருந்தால் விலங்கின் வால் பக்கம் ஒதுங்குங்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். விலங்கையே முறைத்துப் பார்த்தால் அதன் மேல்தான் போய் விழுவீர்கள். இடைவெளியைப் பாருங்கள்.

மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால் விலங்கைப் பொறுத்து முடிவு மாறும். முயல், கீரி, உடும்பு அளவு என்றால் இடிக்கும் நொடிக்கு முன் முன் பிரேக்கை விடுங்கள். பிரேக்கில் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் பைப்புகள்) அமுங்கி இருக்கும், விட்டால்தான் எழும்பி அந்த மேட்டை விழுங்கும். சீட்டிலிருந்து இடுப்பை ஓரங்குலம் தூக்கி, முழங்காலால் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்தி நேராக ஏறி இறங்குங்கள். புள்ளிமான், பன்றி, அதற்கு மேல் என்றால் கடைசி நொடி வரை பிரேக்கை விடக் கூடாது. 80-ல் இடிப்பதும் 40-ல் இடிப்பதும் பாதிக்குப் பாதி வித்தியாசமல்ல. 40-ல் அடியின் ஆற்றல் கால்வாசிதான்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். ஆனால் பல வண்டிகளில் இருப்பது சிங்கிள் சேனல், முன்சக்கரத்துக்கு மட்டும். பின் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் லாக் ஆகி வால் ஆட்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று இரண்டையும் முரட்டுத்தனமாக மிதிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லைட் விஷயம்: முயல் பிரைட் வெளிச்சத்துக்குள் மாட்டினால் அதைவிட்டு வெளியே போகத் தெரியாமல் உங்கள் முன்னாலேயே வளைந்து வளைந்து ஓடும். டிம் செய்தால் புதருக்குள் போய்விடும். மானும் வெளிச்சத்தில் உறைந்து நிற்கும். நடு ரோட்டில் தரையோடு தரையாகச் சிவப்பாக ஒரு கண் மின்னினால் அது பக்கிக் குருவி. கடைசி நேரத்தில் தானே எழுந்து பறக்கும், அதற்காக வண்டியை ஒடிக்காதீர்கள்.

—

பொள்ளாச்சி பக்கத்து மெக்கானிக்:

எல்லோரும் யானை, காட்டுமாடு என்று எழுதுகிறீர்கள். சமவெளியில் பட்டறைக்கு வரும் வண்டிகளைக் கேட்டால் மயில் என்றுதான் சொல்லும். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் பறக்கும்போது ரோட்டைத் தாண்டுகிற உயரம், பைக் ஓட்டுபவரின் நெஞ்சு உயரம். ஆண் மயில் 4 முதல் 6 கிலோ, தோகை வேறு. எழும்பும்போது சட்டென்று மேலே போகவோ திரும்பவோ அதனால் முடியாது. விடியற்காலை மரத்திலிருந்து இறங்கும் நேரமும் சாயங்காலம் அடையப் போகும் நேரமும் மோசம். முகம் மூடிய ஹெல்மெட் போட்டு வைசரை இறக்கிவிட்டு ஓட்டினால் கழுத்து வலியோடு போகும். அரை ஹெல்மெட் என்றால் மூக்கெலும்பு போகும்.

இடித்த பிறகு ஸ்டார்ட் ஆகிறதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

கூலன்ட் வண்டியென்றால் முதலில் ரேடியேட்டர். மயிலின் கால், மானின் கொம்பு எது பட்டாலும் ஃபின் என்கிற மெல்லிய தகடு மடங்கி டியூப் ஓட்டையாகும். பச்சையோ நீலமோ சொட்டினால் அதோடு ஓட்டாதீர்கள். ரேடியேட்டர் மாற்றுவது ஒரு செலவு, சூட்டில் என்ஜின் ஹெட் வளைந்தால் அது வேறு செலவு. இறகும் மயிரும் ஃபின்னில் அடைத்திருந்தாலும் சூடேறும், கையால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து முன்பக்கம். வண்டி முன்னால் நின்று முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பாருங்கள். சக்கரம் நேராக இருந்து ஹேண்டில் கோணலாக இருந்தால் பெரும்பாலும் ஃபோர்க் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் சரியாகும். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலு தடவை அமுக்குங்கள். நடுவில் பிடித்து நின்றால் பைப் வளைந்திருக்கிறது. பெண்டெடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பைப் மாற்றுங்கள். ஹேண்டிலை இப்படி அப்படித் திருப்பும்போது நடுவில் ‘கடக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது லீவர் கையை உதைத்தால் டிஸ்க் வளைவு. வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் ஏபிஎஸ் லைட் அணையவில்லை என்றால் டிஸ்க் பக்கத்தில் இருக்கும் பல் வளையமோ சென்சாரோ அடிபட்டிருக்கிறது. சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் செய்யாது. டிஸ்க்கில் ரத்தம் பட்டிருந்தால் முதல் இரண்டு பிரேக் பிடிக்காது. தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி விழுந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். சாய்ந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார் பலவற்றில் உண்டு. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தாலே போதும். க்ளட்ச் லீவர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். அதைவிட நல்லது, லீவரை ஹேண்டிலில் பிடித்திருக்கும் கிளாம்பைக் கொஞ்சம் தளர்வாக வைப்பது. விழும்போது ஒடியாமல் சுழன்றுகொள்ளும்.

—

விபத்து கிளெய்ம் பார்ப்பவர்:

இன்சூரன்ஸில் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் விலங்கு மோதியதற்கு வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசி) வேண்டும். அதிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) இருந்தால்தான் முழுசு. மெக்கானிக் நண்பர் இறகைப் பிடுங்கச் சொல்கிறார், நான் பிடுங்கும் முன் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். ஃபோர்க்கில் ஒட்டிய மயிர், ரேடியேட்டரில் சொருகிய இறகு, ரோட்டின் இடம் எல்லாம் தெரிகிற மாதிரி நாலு படம். காட்டுக்குள் இரவென்றால் இரண்டு படத்தோடு கிளம்புங்கள். பக்கத்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் பதிவான ரசீது) வாங்கிவிடுங்கள்.

செத்த விலங்கைத் தொட வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டு விலங்கும் அரசின் சொத்து. கையில் வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விபத்து என்று தகவல் சொன்னவரின் நிலை வேறு, கறிக்கும் தோகைக்கும் மூட்டை கட்டியவரின் நிலை வேறு. அடிபட்டுக் கிடக்கும் மானுக்கு அருகில் குனியாதீர்கள். எழுந்து உதைத்தால் குளம்பு வயிற்றைக் கிழிக்கும்.

குரங்கு, நரி, கீரி கடித்திருந்தாலோ உங்கள் காயத்தில் அதன் எச்சில் பட்டிருந்தாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றே ரேபிஸ் தடுப்பூசி. தோலுக்குள் போடுவது என்றால் 0, 3, 7, 28-ஆம் நாள். ஜிஹெச்சில் காசில்லை.

—

ஆசனூர் பாதைக்காரர் மறுபடி:

முள்ளம்பன்றியை யாரும் சொல்லவில்லை. அது முள்ளை எய்யாது, பயந்தால் பின்பக்கமாக உங்கள் மேலே ஓடிவரும். சக்கரம் ஏறினால் முள் டயரில் இறங்கும். இறங்கிய முள்ளை உடனே பிடுங்காதீர்கள். அதுதான் இப்போதைக்கு ஓட்டையின் அடைப்பு. பஞ்சர் கிட்டை விரித்து, ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, பம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிடுங்குங்கள். கிட் இல்லையென்றால் முள்ளோடேயே 20-ல் செக்போஸ்ட் வரை உருட்டுங்கள். பூட்ஸில் குத்தியிருந்தால் ஷூவைக் கழற்றும் முன் முள் உள்ளே வரை போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.