திருவிழா பேனருக்கு மாதச் சந்தா இல்லாத மென்பொருள்

கித்தாமரம்:
சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 3க்கு 6 அடி பேனர். மாதாமாதம் வெள்ளி கட்டி அடோபி எடுக்க வசதியில்லை, கள்ளப் பிரதியும் வேண்டாம். எது சரிவரும்?

செம்பனை:
எழுத்து, பார்டர் எல்லாம் இங்க்ஸ்கேப்பில். சாமி படத்தின் பின்னணியை வெட்ட கிம்ப். இரண்டும் இலவசம், கூலிக்குச் செய்தாலும் தடையில்லை. 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி) கணக்கில் 3600க்கு 7200 பிக்செல் போதும். பேனரைத் தூரத்திலிருந்துதானே பார்க்கிறார்கள். 300 வைத்தால் பழைய லேப்டாப் திணறும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் மங்கும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கித்தாமரம்:
நன்றிண்ணே. பாமினி எழுத்துருதான் இருக்கு. கடையில திறந்தா ஆங்கில எழுத்தா வருது.

லோரிக்காரன்:
அது யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) இல்லை தம்பி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதில் அடியுங்கள். பிழை பார்த்து முடித்ததும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து கோட்டு வடிவமாகிவிடும், எங்கும் உடையாது. ஆனால் அதன்பின் தேதியைக்கூடத் தட்டச்சில் திருத்த முடியாது, நகல் அதற்குத்தான்.

செம்பனை:
பளிச் நீலம் அச்சில் மங்கும். கடைக்காரர் சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு) கேட்டால் ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டு, அச்சுக்கான பிடிஎஃப் ஆக எடுங்கள்.