இரிடெசன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டாம்பூச்சிக் குறிப்பு ஒன்று எழுத உட்கார்ந்தேன். ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரிடெசன்ஸ்: பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறித் தெரிவது. ‘வானவில் ஒளிர்வு’, ‘பன்னிறங்காட்டுகை’ என்று இரண்டை எழுதி எழுதி அடித்தாயிற்று. ஏன் ஒட்டவில்லை என்று சொல்லப் பூச்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பூச்சி பர்ப்பிள் எம்பரர்; அறிவியல் பெயர் அபட்டூரா ஐரிஸ். படம் எடுத்தது இங்கிலாந்தில், நார்த்தாம்ப்டன்ஷயரின் ஃபெர்மின் காட்டில், ஜூலைத் தொடக்கத்தில். பெரும்பாலும் ஓக் மர உச்சியிலேயே இருக்கும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். ஆனால் ஆண் பூச்சிகள் உப்புச் சத்துக்காகக் காலையில் தரைக்கு இறங்கும். ஈரச் சரளை, நாய்ப் பீ, எதுவானாலும் சரி. பூப் பக்கம் போவதுதான் அரிது. பேரரசன் என்று பேர், சாப்பாடு இது!

அன்று ஒன்று பாதையில் வந்து உட்கார்ந்து, மஞ்சள் உறிஞ்சுகுழலைச் சரளைக்குள் விட்டது. நான் ஒரு முழ தூரத்தில் குப்புறப் படுத்திருந்தேன். முதல் படத்தில் வெறும் பழுப்பும் வெள்ளைப் பட்டையும். ஒயிட் அட்மிரல் என்ற வேறு பட்டாம்பூச்சியோ என்று சந்தேகம். அதற்கும் பட்டை அப்படித்தான். பின்சிறகின் மூலையில் ஆரஞ்சு வளையமிட்ட கண்புள்ளியைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. (பிரான்ஸ், ஜெர்மனி பக்கம் என்றால் ஐலியா என்ற தம்பி வேறு குழப்பும். அதற்கு முன்சிறகின் மேற்புறத்திலும் ஆரஞ்சு வளையம் உண்டு.) அப்புறம் அது கொஞ்சம் திரும்பியது. இடது சிறகு முழுக்க ஊதா! வலது பழுப்பாகவே கிடந்தது. சிறகுகளைச் சற்றுத் தூக்கி வைத்திருந்ததால் இரண்டிலும் வெயில் ஒரே சாய்வில் விழவில்லை. தட்டையாக விரிக்கும்வரை காத்திருந்தேன். 42 படங்களில் மூன்றில்தான் இரண்டு சிறகும் ஊதா.

சிறகுச் செதில்களில் ஊதா நிறமி துளிகூட இல்லை. இருப்பது மெலனின் என்ற பழுப்பு நிறமி. செதிலின் மேல் நுண்ணிய வரப்புகள், அவற்றில் அடுக்கடுக்காகத் தகடுகள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் சேர்ந்து, குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஊதாவைத் தூக்கிக் காட்டுகின்றன. பெண்ணிடம் இந்த வித்தை கிடையாது.

ஆகவே ‘ஒளிர்வு’ கூடாது. இது தானாக ஒளி விடுவதில்லை. மின்மினிக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். ‘பன்னிற’மும் இல்லை, இருப்பது ஒரே நிறம், தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. 1758இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்குக் கிரேக்க வானவில் தேவதையின் பேரை வைத்தார். ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர். அதற்காக நாமும் வானவில்லைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

என் முன்மொழிவு: சாய்நிறம்.

---

> என் முன்மொழிவு: சாய்நிறம்.

ஐயா, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேகத்தில் ‘சாயநிறம்’ என்றுதான் காதில் விழும். எது இல்லை என்கிறீர்களோ அதுவே பேராகிவிடும்.

எங்கள் வீடு தறி வீடு. ‘மயில்கழுத்து’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். புடவையை அசைத்தால் பச்சையும் நீலமும் மாறி மாறி வரும். எந்தப் பாட்டிக்கும் விளங்கும்.

---

> ‘மயில்கழுத்து’ இருக்கப் புதுச்சொல் எதற்கு?

சாயநிறம் என்ற குட்டு எனக்கு வேண்டியதுதான். திரும்பப் பெறுகிறேன்.

மயில்கழுத்தின் மேல் எனக்கும் ஆசைதான். நிஜ மயிலின் கழுத்திலும் நீல நிறமி இல்லை. மெலனின் குச்சிகளின் ஒழுங்கான அடுக்குதான் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் புடவையில் இரண்டு நூலுக்கும் சாயம் ஏற்றியிருக்கிறார்களே! தவிர, அது ஒரு நிறத்தின் பேராகவே நிலைத்துவிட்டது. ‘ஊதா மயில்கழுத்து’ கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

‘கோணநிறம்’ என்றால்? வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: கோணநிறச் செதில்கள், ஆணின் சிறகு கோணநிறம் காட்டும். நிற்கிறது.

---

கோணல் நினைவு வருகிறது, ஐயா. இருந்தாலும் சாயத்துக்கு இது மேல்.

ஒன்று மட்டும்: கிளியின் நீல இறகிலும் நீல நிறமி இல்லை, ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அநேகமாக அதே நீலம். அதையும் கோணநிறத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

---

நல்ல வேளை சொன்னீர்கள், சேர்க்கத்தான் இருந்தேன். நிறமியில்லாமல் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அமைப்பு நிறம்’. அதில் திரும்பினால் மாறுவது மட்டும் ‘கோணநிறம்’. இடது சிறகு மட்டும் ஊதாவான படத்தின் கீழ் இப்படிப் போடுகிறேன்: “பர்ப்பிள் எம்பரர், ஆண். இடச்சிறகில் கோணநிறம், வலச்சிறகில் மெலனின் பழுப்பு.”

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். இன்னும் 41 படங்கள் காத்திருக்கின்றன.