பொருள்: குழாய் இணைப்புக்கு ‘உறைவாய்’, ‘செருகுமுனை’ – முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குழாயின் அகன்ற முனையாகிய ‘சாக்கெட்’டுக்கும், அதனுள் நுழையும் ‘ஸ்பிகாட்’டுக்கும் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் இதுவரை ‘பெண்முனை – ஆண்முனை’, ‘தூம்புவாய் – தூம்புமுனை’ என்னும் இரு இணைகள் வந்துள்ளன. முன்னது மரையிட்ட (திருகிப் பூட்டும் புரி வெட்டிய) குழாய்க்குப் பட்டறையில் வழங்குவது; மரையே இல்லாத இணைப்புக்கு அதை நீட்டினால் குழப்பமே மிஞ்சும். பின்னதிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வடாற்காட்டில் ஏரிப் பாசனக்காரருக்குத் தூம்பு என்றால் மதகுதான். காவேரிப்பாக்கத்தில் ஓர் உழவரிடம் தூம்புவாய் எங்கே என்று கேட்டால், ஏரி நீர் வெளியேறும் இடத்தைத்தான் கை காட்டுவார்.

பாலாற்றை ஒட்டிய ஊர்களில் மணல் சரியாமலிருக்கக் கிணற்றுக்குள் உறை இறக்குவார்கள். இப்போது அது சிமெண்ட் உறை, முன்பு சுடுமண் உறை. வாளுக்கும் உறை, தலையணைக்கும் உறை. ஒன்றைத் தன்னுள் ஏற்று இறுகப் பொதிந்துகொள்வது என்ற பொருள் இச்சொல்லில் ஏற்கெனவே இருப்பதால், அகன்ற முனையை ‘உறைவாய்’ என்றும், நுழையும் முனையைச் ‘செருகுமுனை’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

குழாய் மண்ணா, மரமா, இரும்பா என்பதைச் சாராமல் முனையின் வடிவத்தைச் சுட்டும் சொல்லாக இது இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் பழங்கால நாசஸ் அரண்மனையில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளமுள்ள சுடுமண் குழாய்களை ஒரு பக்கம் ஒடுக்கி, அடுத்ததன் அகன்ற வாயில் நுழைத்திருக்கிறார்கள். மரத்துண்டுகளைக் குடைந்து குழாயாக்கிய லண்டன்காரர்கள் ஒரு முனையைக் கூராகச் சீவி, அடுத்த துண்டின் அகட்டிய துளையில் அடித்து இறக்கினார்கள். வார்ப்பிரும்புக்கு இந்த அமைப்பு பிந்தியே வந்தது. 1660களில் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குப் போடப்பட்ட இரும்புக் குழாய்கள், முனையில் வெளிப்புறம் நீட்டிய விளிம்புப் பட்டைகளை (‘ஃபிளாஞ்ச்’) ஒன்றோடொன்று சேர்த்துத் திருகாணியால் இறுக்கியவை; லண்டனின் செல்சி நீர் நிறுவனப் பொறியாளர் தாமஸ் சிம்ப்சன் 1785இல்தான் உறைவாய் வைத்து வார்த்தார். விளிம்புப் பட்டை அசைய இடம் தராது. மண் இறங்கினாலும் வெப்பத்தால் இரும்பு நீண்டாலும் இணைப்பு வாங்கிக்கொள்ளாமல் விரிசல் விடும். உறைவாயில் சணலைத் திணித்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியபின் அந்தச் சிறு அசைவுக்கு இடம் கிடைத்தது.

‘இணைப்பை விடக் குழாய் செய்யும் பொருளின் ஆயுள்தானே முக்கியம்’ என்று இங்கே எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. சுட்ட மண் துருப்பிடிப்பதில்லை, மட்குவதில்லை. கீழடியில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்ததே அதற்குச் சான்று. மரமோ எப்போதும் ஈரத்தில் கிடந்தால் நெடுங்காலம் நிற்கும், நனைந்து காய்ந்து மாறி மாறி வந்தால் உளுத்துப்போகும். ஈயக் குழாய்க்கு வேறு கதை: கடின நீர் உட்புறத்தில் சுண்ணப் படிவை ஏற்றிக் குழாயையும் குடிப்பவரையும் ஓரளவு காத்தது. ஆனாலும் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் உடல்நலம் கருதிச் சுடுமண்ணையே பரிந்துரைத்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. அக்குழாயின் ஒரு முனை அடுத்ததில் பொருந்தும்படி ஒடுங்கியிருக்கவேண்டும், பொருத்தில் சுட்ட சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்துப் பூசவேண்டும் என்றும் எழுதிவைத்தார். எண்ணெய் கலந்தால் சுண்ணாம்பில் நீர் எளிதில் ஊறாது. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் கொத்தனார்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மண் குழாய் உடையாமல் கிடந்தும் நீர் வழி பாழாவது பெரும்பாலும் பொருத்தில்தான். வேர் நுழைவதும் அங்கேதான்.

‘உறை’ என்பதற்குத் தயிர் உறைதல் முதலிய வேறு பொருள்களும் உண்டே என்னும் தடையை எதிர்பார்க்கிறேன். ‘வாய்’ சேர்ந்தபின் அந்த மயக்கம் எழாது. இணைப்பு முழுவதையும் ‘உறைசெருகு இணைப்பு’ எனலாம். விளிம்புப் பட்டை வைத்ததைப் ‘பட்டை இணைப்பு’ எனத் தனியே பிரிக்கவேண்டும். இருபுறமும் அகன்று, இரண்டு செருகுமுனைகளை ஏற்கும் ‘காலர்’ என்னும் துண்டுக்கு ‘இருவாய் உறை’ பொருந்துமா என்று குழாய்ப் பணியில் உள்ளவர்கள் சொன்னால், மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து ஓர் உறுப்பினர்