டவுனில் சூப்பர் மார்க்கெட், லயத்தில் கடன் கொப்பி: கணக்குத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

டவுனில் சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு, தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கும் கடைக்கும், வாங்குகிற விற்கிற நமக்கும் என்ன ஆகிறது?

ஹட்டன், மொத்த வியாபாரம்:

டவுனுக்கு சூப்பர் மார்க்கெட் வந்ததும் தோட்டத்துக் கடை விலையில் தோற்றுவிட்டது என்பார்கள். விலை சின்ன விஷயம். கடையைப் படுக்க வைப்பது ரொக்கம்.

உதாரணத்துக்கு, மாதம் 400,000 ரூபாய் விற்கும் கடை. பாதி ரொக்கம், பாதி கொப்பியில் எழுதும் கடன். இலாபம் நூற்றுக்குப் பத்து என்றால் சாமான் வாங்க 360,000 வேண்டும். ரொக்க விற்பனையில் 200,000 வந்துவிடும். மீதி 160,000 முதலாளி கையிலிருந்து போட்டு, சம்பளம் வரும் வரை பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ரொக்க வியாபாரத்தில் பாதி டவுனுக்குப் போகிறது என்று வையுங்கள். விற்பனை 300,000, சாமான் செலவு 270,000, கைக்கு வரும் ரொக்கம் 100,000. போட வேண்டிய காசு 170,000! வியாபாரம் கால்வாசி குறைந்தும் கைமுதல் குறையவில்லை, 10,000 கூடியிருக்கிறது. இலாபமோ 40,000 இலிருந்து 30,000. கொப்பியில் பத்தில் ஒரு பங்கு வராமல் நின்றால் 20,000 போச்சு. முன்பு அது இலாபத்தில் பாதி, இப்போது மூன்றில் இரண்டு. அடுத்த மாதம் கம்பனி வேன் வரும்போது செக் எழுதப் பயம் வரும், தட்டு காலியாகும், ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களில் மிஞ்சியவர்களும் போய்விடுவார்கள்.

பொகவந்தலாவை:

அண்ணே, கணக்கு சரி. ஆனால் 10ஆம் திகதி சம்பளம் வாங்கி பஸ் ஏறுகிற குடும்பத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. டவுனில் மலிவு என்று சொல்லும்போது போய்வருகிற செலவை யாரும் கூட்டுவதில்லை. போகும்போது பஸ், திரும்பும்போது கோதுமை மா மூட்டையோடு த்ரீவீல். எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்தால், சாமான் 5 சதவீதம் மலிவாக இருந்தாலும் 12,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் செலவும் மிச்சமும் சமம். அதற்குக் கீழே வாங்கினால் நட்டம். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரே த்ரீவீலில் போவது இதனால்தான்.

எதை டவுனில் வாங்குவது என்பதும் முக்கியம். பால்மா, சவர்க்காரம், மா, சீனி போல கெட்டுப் போகாத பெரிய பெக்கட் சாமானில்தான் மிச்சம். பால்மா வாங்கும்போது 400 கிராம் பெக்கட் விலையை இரண்டரையால் பெருக்கி, 1 கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். கழிவு (தள்ளுபடி) விலை சின்ன பெக்கட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் பெரியது நட்டமாகவும் இருக்கலாம்.

நுவரெலியா, மரக்கறிச் செய்கை:

வாங்குகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம், விற்கிறவர்களும் இங்கேதானே இருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் கம்பனியான கார்கில்ஸ் 1999இல் ஹங்குரன்கெத்தவில் மரக்கறி சேகரிப்பு நிலையம் தொடங்கியது. அன்றிலிருந்து மலைநாட்டு மரக்கறிக்கு இரண்டு வழி: கெப்பட்டிபொல, தம்புள்ளை மாதிரிப் பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்தச் சந்தை ஒன்று, சூப்பர் மார்க்கெட் கம்பனிகளின் நேரடிக் கொள்வனவு மற்றது. நேரடியில் தராசும் விலையும் தெளிவாக இருக்கும், கொமிஷன் போகாது. ஆனால் தரம் பிரித்துத்தான் எடுப்பார்கள். பாத்தியில் பிடுங்கியதெல்லாம் போகாது. கழிபட்டதைத் தனியாக இன்னொரு லொறியில் அனுப்பும் கூலியைக் கூட்டினால் விலை வித்தியாசம் கரைந்துவிடும்.

ஆகவே கழிபடுவதைக் குறைப்பதில்தான் காசு. கரட் கவையாகப் பிரிவது கல், இறுகிய மண், மக்காத சாணம், வேர்முடிச்சுப் புழு இவற்றால். 25 சென்டிமீற்றர் ஆழத்துக்காவது மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, நன்றாக மக்கிய எரு மட்டும் போடுங்கள். தோள் பச்சையாவது வெயில் படுவதால். கிழங்கு பருக்கத் தொடங்கும்போது மண் அணைத்தால் போதும். வெடிப்பு, வறட்சிக்குப் பின் வரும் மழையால். மழை நம் கையில் இல்லை, முற்ற விடாமல் பிடுங்குவது நம் கையில்.

கழுவிய கரட்டை ஈரத்தோடு சாக்கில் கட்டாதீர்கள். சூடேறி, கொழும்பு போவதற்குள் வழுவழுத்துவிடும். நீர் வடிந்த பிறகு பிளாஸ்டிக் கூடையில், விளிம்புக்கு மேல் குவிக்காமல் அடுக்குங்கள். குவித்தால் மேல் கூடையின் பாரம் முழுவதும் கரட்டின் மேல்தான்.

பண்டாரவளை:

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தட்டில் உள்ள விலையும் கவுன்டரில் அடிக்கும் விலையும் வேறாக இருந்தால் பெரும்பாலும் காரணம் பழைய சீட்டை மாற்றாதது, அல்லது அந்த விலை கடையின் அங்கத்தவர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். சீட்டு சிங்களத்தில் மட்டும் இருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் போதும், வாக்குவாதம் தேவையில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பில் கொடுக்க வேண்டும். பெக்கட்டில் அச்சடித்த உச்ச விலைக்கு மேல் வாங்கினால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். இந்தச் சட்டம் லயத்துக் கடைக்கும் உண்டு, அதை மறந்துவிடுகிறோம். தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும் என்பதும் அப்படித்தான். 2025 நவம்பர் முதல் பொலிதீன் பைக்குக் காசு எடுக்கிறார்கள், அதையும் பில்லில் காட்ட வேண்டும். உரப் பையைக் கழுவிக் கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

ஹட்டன், மொத்த வியாபாரம்:

அப்போ தோட்டத்துக் கடை என்ன செய்யலாம் என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். பெரிய பெக்கட்டில் போட்டி போட வேண்டாம். அந்தக் காசை 100 கிராம் பருப்பு, கால் போத்தல் எண்ணெய், வெற்றிலை, நெத்தலி, பிள்ளைகளின் கொப்பி பென்சில் என்று சுற்ற விடுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை திரும்பும் சாமானுக்குக் கைமுதல் குறைவு.

கடன் கொப்பிக்கு வீட்டுக்கு ஒரு உச்ச வரம்பு போடுங்கள். பெயர் நாட்களை (வேலைக்குப் போய்ப் பெயர் விழுந்த நாட்களை) எண்ணி, வரவேண்டிய சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் வாங்கியவரின் கையெழுத்து, அவர்களிடமும் அதே மாதிரி ஒரு கொப்பி. இரண்டையும் 25ஆம் திகதி சம்பள எட்வான்ஸ் அன்று ஒருமுறை, 10ஆம் திகதிக்கு முதல் நாள் ஒருமுறை சரிபாருங்கள். சம்பளத்தன்று பார்க்கலாம் என்று வைத்தால் பஸ் போயிருக்கும்.