65 டேஸ் ஒஃப் ஸ்டாட்டிக்: பாடகரே இல்லாம இருபது வருஷம் எப்படி? மேடையில பீட் விலகாம இருக்க என்ன வழி?

கொட்டகலை_கிட்டார்:
வணக்கம் அண்ணமாரே, அக்காமாரே. நாங்க நாலு பேர். ரெண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். பாடகர் கிடையாது, வைக்கிற எண்ணமும் இல்ல. இங்கிலாந்து ஷெஃபீல்ட் பேண்ட் 65 டேஸ் ஒஃப் ஸ்டாட்டிக் மாதிரி, கையால அடிக்கிற ட்ரம்ஸோட கம்பியூட்டர் பீட்டையும் சேர்த்து வாசிக்கணும்.

முதல் கேள்வி: ரேடியோவுல ஓடுற பாட்டு ஒண்ணும் இல்லாம அவங்க 2001 தொடக்கம் எப்படி நின்னு பிடிச்சாங்க? ரெண்டாவது: மேடையில லெப்டொப்பும் ட்ரம்ஸும் ஒண்ணா ஓட என்ன செய்யணும்? எங்ககிட்ட பழைய லெப்டொப் ஒண்ணும் எட்டு சானல் மிக்ஸர் ஒண்ணும் இருக்கு.

பண்டாரவளை_ரெக்கோர்ட்:
தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்றேன். 2004-ல முதல் அல்பம் ‘த ஃபோல் ஒஃப் மெத்’, மொனோட்ரீம் என்ற சின்ன லேபிள்ல (இசை வெளியிடுற நிறுவனம்) வந்தது. 2005-லயும் 2007-லயும் வந்த அடுத்த ரெண்டும் அதே இடம். 2008-ல த கியூர் பேண்டோட சுற்றுப்பயணத்துல, அவங்க மேடை ஏற முன்னால வாசிச்சாங்க. 2010 அல்பத்துல த கியூர் பாடகர் ரொபர்ட் ஸ்மித் குரல் கொடுத்த உருப்படி ஒண்ணும் இருக்கு. நிறையப் பேர் இதைத்தான் திருப்பம்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல.

அதே 2010 அல்பத்துல ‘டெபியூட்டண்ட்’னு ஒண்ணு இருக்கே, அதை ஹலோ கேம்ஸ் கம்பெனி 2013 கடைசியில ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டோட முன்னோட்டத்துக்கு எடுத்துக்கிச்சு. அந்த வழியாத்தான் முழு விளையாட்டுக்கும் இசை போடுற வேலை வந்தது. அந்த விளையாட்டுல கிரகங்களைக் கம்பியூட்டரே உருவாக்கிக்கிட்டுப் போகும். ஆடுறவர் ஒரு இடத்துல ரெண்டு நிமிஷமும் நிப்பார், ரெண்டு மணித்தியாலமும் நிப்பார். முழு உருப்படியாக் கொடுத்தா அங்க உதவாது. அதனால கிட்டார் துண்டு, பியானோ துண்டு, ட்ரம்ஸ், இரைச்சல்னு தனித்தனியாக் கொடுத்தாங்க. நிலைமைக்கு ஏத்த மாதிரி மென்பொருள் அதுகளைக் கோத்துக்கும். 2016-ல அதே சரக்கு அல்பமாவும் வந்தது.

அதுக்கு முன்னாலயே, 2011-ல, 1972-ல வந்த ‘சைலண்ட் ரன்னிங்’ படத்துக்குப் புது இசை போட்டு நேரடியா வாசிச்சாங்க. பிறகு ரசிகர்கள் போட்ட காசுலதான் அதைப் பதிவு செஞ்சாங்க. 2019-லேர்ந்து ஒரு வருஷம் சந்தாக்காரருக்கு மாசா மாசம் புது வெளியீடு. 2021-ல, தானா இசை அமைச்சுக்கிட்டே நிக்காம ஓடுற ஒரு நேரலை. எல்லாத்துலயும் ஒரே பழக்கம்தான் தெரியுது: செஞ்சதைப் பிரிச்சு, திரும்பப் பாவிக்கிற மாதிரி வைக்கிறது.

நீங்களும் இன்னைக்கே அதைத் தொடங்குங்க. பதிவு முடிஞ்சதும் ஒவ்வொரு கருவியையும் தனி வேவ் கோப்பா (ஒலியைச் சுருக்காம வைக்கிற வகை), 24 பிட்டுல எடுத்து வைங்க. எல்லாக் கோப்பும் முதல் பாரிலேர்ந்தே (பார்னா ஒரு தாளச் சுத்து) தொடங்கணும், இடையில ஒலி இல்லாட்டியும் பரவாயில்ல. கிட்டார் ஐம்பதாவது பார்லதான் வருதுன்னு அங்கேயிருந்து வெட்டி எடுத்தா, நாளைக்கு வேற மென்பொருள்ல எங்க வைக்கிறதுன்னு யாருக்கும் தெரியாது. முடிவுல ரிவேர்ப் (எதிரொலி) அடங்குற வரைக்கும் நாலு பார் விடுங்க. கோப்புப் பேர்லயே வேகத்தையும் சுருதியையும் எழுதுங்க. எம்பி3 மட்டும் வச்சிருக்கிற பேண்டுகிட்ட குறும்படக்காரர் வந்து “அந்த ட்ரம்ஸை மட்டும் எடுத்துட்டுத் தாங்க”ன்னு கேட்டா, கொடுக்க ஒண்ணும் இருக்காது.

ஹட்டன்_கேட்பவள்:
இன்னொரு வழியும் இருக்கு தம்பி. ஸ்கொட்லாந்து கிளாஸ்கோவுல 1995-ல தொடங்கின மொக்வாய் பேண்ட், 1996-ல முதல் சிங்கிளையே ரொக் அக்ஷன்னு சொந்த லேபிள் போட்டு வெளியிட்டாங்க. நடுவுல வேற லேபிள்களுக்குப் போனாங்க, ஆனா சொந்த லேபிளை மூடல. 2011-லேர்ந்து பிரித்தானியாவுல அவங்க அல்பங்கள் அதுலதான் வருது. 2021 பெப்ரவரியில ‘ஏஸ் த லவ் கண்டினியூஸ்’ அந்த நாட்டு அல்பப் பட்டியல்ல முதலிடத்துக்கே வந்துச்சு, அதுவும் சொந்த லேபிள்ல!

நானுஓயா_சவுண்ட்:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். உங்ககிட்ட இருக்கிறதே போதும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ஸ்டீரியோ கோப்பு செய்ங்க: இடது பக்கம் க்ளிக் (ட்ரம்மருக்குத் தாளம் காட்டுற டிக்-டிக் சத்தம்), வலது பக்கம் சாம்பிள் (முன்னமே செஞ்சு வச்ச கம்பியூட்டர் ஒலி) எல்லாம் மொனோவா. லெப்டொப்லேர்ந்து ஸ்டீரியோ ஜெக், மறு முனையில ரெண்டு மொனோ ஜெக் உள்ள கேபிள். க்ளிக் முதல் சானலுக்கு, சாம்பிள் ரெண்டாவதுக்கு. முதல் சானல் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு கட்டை) அடியோட இறக்கிட்டு, ஒக்ஸ் (மிக்ஸர்ல சபைக்குப் போகாத தனி வெளியீடு) வழியா ட்ரம்மருக்கு அனுப்புங்க. அந்த ஒக்ஸ் ப்ரீ-ஃபேடரா, அதாவது ஃபேடருக்கு முன்னாலயே பிரியிறதா இருக்கணும். போஸ்ட்-ஃபேடரா இருந்தா ஃபேடரை இறக்கினதும் அவருக்கும் க்ளிக் நின்னு போகும். ஏத்தினா சபைக்கே கேக்கும். ஒக்ஸ் வெளியீட்டுல நேரா ஹெட்ஃபோனைக் குத்தாதீங்க. சத்தம் போதாது, ஒரு காதுலதான் வரும். சின்ன ஹெட்ஃபோன் அம்ப் ஒண்ணு தேவை.

க்ளிக் சத்தம் கட்டையில தட்டுற மாதிரி இருக்கட்டும். ஹை-ஹெட் (ட்ரம்ஸ்ல உள்ள சோடித் தட்டு) மாதிரி வச்சா சிம்பலுக்குள்ள காணாமப் போயிடும். வேகம் நிமிஷத்துக்கு 80 பீட்டுக்குக் கீழ போனா எட்டாம் பங்குக்கு ஒரு தட்டு, அதாவது பீட்டுக்கு ரெண்டு தட்டு வைங்க, இல்லாட்டி இடைவெளியில ட்ரம்மர் இழுத்துருவார். தொடக்கத்துல ரெண்டு பார் எண்ணிக்கை வேணும். பெரிய மாற்றம் வர்ற இடத்துக்கு முந்தின பார்ல “மூணு, நாலு”ன்னு குரலையே க்ளிக்கோட பதிஞ்சிருங்க. அமைதியான பகுதியில க்ளிக்கை 6 தொடக்கம் 10 டெசிபெல் குறைச்சு வைக்கணும். இல்லாட்டி ஹெட்ஃபோன்லேர்ந்து கசிஞ்சு முன்வரிசைக்குக் கேக்கும், அந்தப் பகுதியோட அழகே போயிடும்.

கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ்லயும் லெப்டொப் 48-லயும் (ஒலியை செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தரம் அளக்குதுன்ற கணக்கு) இருந்து மென்பொருள் மாத்திக்காம விட்டா, வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதியும் ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) ஏறும். கிட்டாரோட சுருதி அதோட சேராது. முதல்ல இதைப் பாருங்க.

கொட்டகலை_கிட்டார்:
ரொம்ப நன்றி அண்ணே. லெப்டொப்புக்கு சார்ஜர் போட்டதும் சாம்பிள் சானல்ல ஒரு இரைச்சல் வருது. அதுக்கு என்ன செய்யலாம்?

நானுஓயா_சவுண்ட்:
அது எர்த் சுத்து, அதாவது எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு சுத்துறதால வர்ற இரைச்சல். சார்ஜரைக் கழட்டினதும் நின்னா சந்தேகமே இல்ல. சாம்பிள் லைன்ல ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பொக்ஸ் (லெப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல போடுற சின்னப் பெட்டி) ஒண்ணு போட்டு, அதுல எர்த் தொடுப்பைப் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. மிக்ஸர், அம்ப், லெப்டொப் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல எடுங்க. ப்ளக்ல எர்த் பின்னை மட்டும் உடைக்கவே கூடாது. எர்த் சரியில்லாத மண்டபத்துல கிட்டார் கம்பியைத் தொட்டுக்கிட்டே மைக்கைத் தொட்டா உயிருக்கே ஆபத்து.

ஒண்ணு விட்டுட்டேன். தகரக் கூரை மண்டபத்துல ஜூன், ஜூலை மழைக்கு அமைதியான தொடக்கம் எடுபடாது. அந்த மாசங்கள்ல சத்தமான உருப்படியை முதல்ல வைங்க. அமைதியானதை வாசிச்சே ஆகணும்னா, அதோட சாம்பிள் சத்தத்தை மழை பெய்யும்போதே ஒருக்கா மண்டபத்துல வச்சுப் பார்த்து மட்டம் எடுங்க.