வான்கோழி இறகுப் பேனா: மை கறுக்கவே இல்லை, முனையும் கோணலாகப் பிளக்கிறது. உதவுங்கள்

கூர்முனை:
வணக்கம். ஒரு மாதமாக இறகுப் பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா வீட்டு வான்கோழிகள் உதிர்த்த சிறகு இறகுகள் ஒரு கட்டு கிடைத்தன. மைக்கு நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் வாங்கினேன். மாசிக்காய் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 300 மில்லி தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டினேன். அதில் அன்னபேதி 20 கிராம், பிசின் 10 கிராம். மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற பழைய ஐரோப்பியக் கணக்கு.

சிக்கல் 1: மை இன்னும் டீ டிகாஷன் நிறத்திலேயே இருக்கிறது. அடியில் செங்கல் பொடி மாதிரி வண்டல்.

சிக்கல் 2: முனையில் பிளவு போட்டால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் கிழிகிறது. தப்பித்தவறி நேராக வந்தாலும் நாலு வரி எழுதுவதற்குள் முனை ஊறி விரிந்துவிடுகிறது.

மைக்கூடு:
அவசரப்படாதீர்கள். இந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்று பட்ட பிறகுதான் முழுக் கறுப்பாகும். எழுதிய தாளை ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கூர்முனை:
எழுதி மூன்று நாளாகிவிட்டது சார். அதே டீ.

சரக்குப்பெட்டி:
அந்தச் செங்கல் பொடிதான் இடிக்கிறது. பாக்கெட்டில் வெறும் அன்னபேதி என்றா இருக்கிறது, கூடவே வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? பொடி என்ன நிறம்?

கூர்முனை:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "அன்னபேதி செந்தூரம்". நல்ல சிவப்பு.

சரக்குப்பெட்டி:
அதானே! அது ரத்தசோகைக்குக் கொடுக்கிற சித்த மருந்து. புடம் போட்டதில் அன்னபேதி இரும்பு ஆக்சைடாகிவிட்டது. தண்ணீரில் கரையாத சரக்கு எப்படி மையாகும்? உங்களுக்கு வேண்டியது பச்சை அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட். வெளிறிய பச்சையில் கற்கண்டு மாதிரி படிகமாக இருக்கும். மேலே பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு, வேண்டாம். பளிச்சென்று நீலமாகக் கொடுத்தால் அது துருசு. செம்பு உப்பு, விஷம். அதையும் வாங்கி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 20 கிராம் வேண்டாம், 10 போதும். பழைய கணக்கில் அன்னபேதி தூக்கல். மிஞ்சுகிற இரும்பும் அமிலமும் வருடங்கள் போகப் போகக் காகிதத்தையே தின்னும். பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் இசையமைப்பாளர் பாக்கின் கையெழுத்து இசைத்தாள்கள் பல இப்படித்தான் எழுத்து இருந்த இடத்திலேயே ஓட்டை விழுந்து, பிளந்து, ஒட்டவேண்டி வந்தது. பூசணம் பிடிக்காமலிருக்க நாலு கிராம்பு போட்டு வையுங்கள். நிரப்பும் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

ஓலைக்கட்டு:
மையை விடுங்கள், இறகைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. தம்பி, இறகைச் சூடேற்றிப் பதப்படுத்தினீர்களா?

கூர்முனை:
இல்லை அக்கா. அப்படியே சீவினேன்.

ஓலைக்கட்டு:
அங்கேதான் கோளாறு. பச்சை இறகின் தண்டு நகம் மாதிரி மெத்தென்று இருக்கும். பிளவு எப்படி நேராக ஓடும்? மை பட்டால் ஊறத்தானே செய்யும்?

நுனியைச் சாய்வாக நறுக்கி, இறகை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் எடுத்து உதறி, உள்ளே இருக்கிற சவ்வை ஊசியால் கொக்கிபோட்டு இழுத்துவிடுங்கள். இரும்புச் சட்டியில் மணலைக் கடலை வறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 175 டிகிரி. ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள், கருகினால் சூடு அதிகம். கரண்டியால் தண்டுக்குள் கொஞ்சம் மணலை ஊற்றி, அப்படியே சட்டி மணலில் தண்டைப் புதைத்து, சில விநாடிகளில் எடுத்துவிட வேண்டும். பால் நிறத்தில் இருந்த தண்டு கண்ணாடி மாதிரித் தெளியும். நகத்தால் சுண்டினால் டிக்கென்று சத்தம் வரும். கொப்புளம் வந்தால் போச்சு, அது பிளக்காது, நொறுங்கும். முதல் இரண்டு மூன்று இறகு வீணாகும் என்று எடுத்துவைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

ஆறியதும் மேல்தோலைக் கத்தி முதுகால் சுரண்டிவிட்டுச் சீவலாம். பிளவை முதலில் போட்டுவிட்டு, முனைக்கு இரு பக்கமும் சரிகிற தோள் இரண்டையும் அப்புறம் செதுக்குங்கள். வலக்கைக்காரர் என்றால் இடது சிறகு இறகின் வளைவு கைக்கு வாகாக இருக்கும். படங்களில் வருகிற மாதிரி பஞ்சு பஞ்சாகத் தூவியை விட்டுவைக்காதீர்கள். எழுதிப் பிழைத்தவர்கள் அதை உரித்துப் போட்டார்கள்.

தமிழ்தான் எழுதுகிறீர்களா?

கூர்முனை:
ஆமாம் அக்கா. 'ழ', 'ணை' எழுதும்போது மேல்நோக்கிப் போனாலே மை தெறிக்கிறது.

ஓலைக்கட்டு:
அகல முனையை மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் கீறத்தான் செய்யும். நம் எழுத்தில் சுழி அதிகம். முனையை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைத்துச் சீவுங்கள், சுழியை இரண்டு இழுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், மை கசியும். வழவழப்பான கனத்த ஓவியத்தாள் வாங்குங்கள்.

கூர்முனை:
பத்து நாள் கழித்து வருகிறேன். வேறு கடையில் பச்சைப் படிகம் கிடைத்தது. கரைசலில் போட்டதும் சுற்றிலும் ஊதாக் கறுப்பு நூல்நூலாகப் பிரிந்து பரவியது. மறுநாள் காலையில் எழுத்து நல்ல கறுப்பு. மூன்று இறகைப் பொசுக்கி நாலாவதில் டிக் சத்தம் கேட்டேன். ஒரு பக்கம் முழுக்க எழுதியும் முனை விரியவில்லை. 'ழ'வை இரண்டாகப் பிரித்த இடம் மட்டும் இன்னும் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. அப்பாவின் வேட்டியில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. அவர் இன்னும் பார்க்கவில்லை.

சரக்குப்பெட்டி:
சோப்பு போடாதீர்கள், கறை கெட்டிப்படும். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுங்கள். இன்றைக்கே.